எலும்புக்கூட்டுச் சேனை

தலைப்பைப் பார்த்துட்டு பேய்க்கதைன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது நிஜமாவே இருந்த ஒரு கூட்டத்தோட பேர். 1880களில் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் முளைத்த கூட்டம். மண்டையோடும் குறுக்கெலும்பும் வரைந்த கொடி, தகர டப்பா மேளம், கையில் அழுகின முட்டை. ஞாயிற்றுக்கிழமை தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற கிறிஸ்தவர்களைக் கிண்டல் செய்வதுதான் முழுநேர வேலை. கிண்டல் அலுத்துப்போனால் அடிப்பது.

கிண்டல் வாங்கியவர்கள் இரட்சணிய சேனைக்காரர்கள். நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பேரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, கேத்தரின் பூத் ஆஸ்பத்திரின்னு சொன்னாலே போதும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

வில்லியம் பூத் 1829-ல் நாட்டிங்காமில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் அடகுக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். ஏழை வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக அடகுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த பையன். பிறகு மெதடிஸ்ட் போதகர் ஆனார், அந்த சபையின் கட்டுப்பாடுகள் ஒத்துவராமல் வெளியே வந்தார். 1865-ல் மனைவி கேத்தரினோடு கிழக்கு லண்டனில், ஒயிட்சேப்பலில் கூடாரம் போட்டுப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தார். கோயில் வாசல் ஏறத் தயங்குகிற ஜனங்கள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. குடிகாரர்கள், துறைமுகக் கூலிகள், தெருப்பெண்கள். நல்ல துணி இல்லாதவன் சர்ச்சுக்குள் வந்தால் கடைசி பெஞ்சைக் காட்டுகிற காலம் அது.

1878-ல் அந்த மிஷனுக்கு இரட்சணிய சேனைன்னு பேர் மாறியது. பேர் மாறினதும் எல்லாமே ராணுவமாகிப் போச்சு. பூத் ஜெனரல். போதகர்கள் கேப்டன், லெப்டினன்ட். செத்துப்போனால்கூட 'மகிமைக்குப் பதவி உயர்வு'ன்னுதான் சொல்லணும்! சீருடை வேணும்னு பிடிவாதமாக நின்றவர்களில் ஒருவர் எலைஜா காட்மன். ஆறு வயதிலேயே புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டிய மனுஷன். போட்டிருக்கிற துணியைப் பார்த்தே இவன் யார் பக்கம்னு ஊருக்குத் தெரியணும்ங்கிறது அவர் கட்சி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்னு நினைக்கிறேன். விசுவாசத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டால் யாரும் கிண்டல் பண்ண மாட்டார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்து ஒன்றும் நாத்திக நாடு இல்லை. அங்கே பெரிய மனுஷன் எல்லாருமே கிறிஸ்தவன்தான். ஞாயிறு காலை சர்ச், மத்தியானம் விருந்து, அதோடு மரியாதையாக முடிந்துவிடும். பூத் ஆட்கள் அதையே தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். நேற்று வரைக்கும் சாராயக்கடை வாசலில் உருண்டு கிடந்தவன் இன்றைக்குச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, அதே கடை வாசலில் நின்று, தன் பழைய கதையைச் சத்தம் போட்டுச் சொல்கிறான். கூடக் குடித்தவனுக்குச் சிரிப்பு வராதா? ஆக, கேலி செய்தவர்களும் ஞானஸ்நானம் வாங்கினவர்கள்தான். வேற்று மதத்துக்காரன் யாரும் வந்து அடிக்கவில்லை.

இசை வந்த கதை இன்னும் ருசி. சாலிஸ்பரியில் சார்லஸ் ஃப்ரைன்னு ஒரு கட்டடக்காரர், அவருக்கு மூணு பையன்கள். 1878-ல் சேனையின் தெருக்கூட்டத்தைப் போக்கிரிகள் தொல்லை பண்ண, பாதுகாப்புக்குன்னு இவர்கள் போய் நின்றார்கள். நாலு பேருமே பித்தளை வாத்தியம் வாசிக்கிறவர்கள். வாத்தியத்தையும் கையோடு எடுத்துப்போனார்கள். கூச்சலை அமுக்கத் தொடங்கிய வாசிப்பு அது. இன்றைக்கு உலகம் பூரா இருக்கிற சேனை பாண்டு வாத்தியத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி (கிறிஸ்தவ விஷயத்தில் பிள்ளையாரை இழுத்ததுக்கு யாரும் கோவிச்சுக்காதீங்க :-)). மெட்டு எங்கிருந்து வந்ததுன்னு கேட்கறீங்களா? நம்ம ஊரில் சினிமா மெட்டில் அம்மன் பாட்டு போடுவாங்களே, அதே வித்தைதான். குடிவிடுதிகளில் பிரபலமான 'ஷாம்பெயின் சார்லி' மெட்டைக்கூட விட்டுவைக்கவில்லை, அதில் வார்த்தையை மாற்றி ஆண்டவரைப் பாடினார்கள். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். சேனைக்காரர்கள் அதைக் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை.

இதோடு பெண்கள் வேறு. பெண்கள் பிரசங்கம் பண்ணலாம்னு கேத்தரின் பூத் 1859-லேயே ஒரு சிறு புத்தகம் எழுதி வாதாடியவர், மறு வருஷம் தானே பிரசங்க மேடை ஏறியவர். சேனையில் வேலைக்காரப் பெண்களும் ஆலைப் பெண்களும் கேப்டன் ஆகி, ஊர் ஊராகப் போய் நின்றார்கள். 'ஹல்லேலூயா பொண்ணுங்க'ன்னு அவர்களுக்கு ஒரு பேர் விழுந்தது. கேட்டால் கூச வேண்டிய பேர். கூட்டம் சேருதுன்னு தெரிந்ததும் அதையே நோட்டீஸில் பெரிசாகப் போட்டுவிட்டார்கள். இது அவர்களுடைய வழக்கமான தந்திரம். எவனாவது பட்டப்பேர் வைத்தால் அதை எடுத்து மாட்டிக்கொள்வது.

சேனை வந்த ஊரில் சாராயக்கடை வியாபாரம் படுத்தது, அல்லது படுத்துவிடும்னு கடைக்காரர்கள் பயந்தார்கள். எலும்புக்கூட்டுச் சேனைக்கு அங்கிருந்து காசும் பீரும் போனது. ஆனால் எல்லாப் பழியையும் கடைக்காரர்கள் தலையில் கட்டிவிட முடியாது. பொழுதுபோகாத இளவட்டம், கும்மாளத்துக்கு ஒரு சாக்கு தேடினவர்கள், கடற்கரை ஊர்களில் இந்தச் சத்தத்துக்குப் பயந்து சுற்றுலாக்காரர்கள் வராமல் போவார்களோன்னு கவலைப்பட்ட வியாபாரிகள், எல்லாரும் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை காலங்காத்தாலே ஜன்னலுக்குக் கீழே டிரம் அடித்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும்.

எலும்புக்கூட்டுக்காரர்கள் செய்தது முழுக்க நையாண்டி. சேனையின் கொடியில் 'இரத்தமும் அக்கினியும்'னு இருக்கும். இவர்கள் கொடியில் 'இரத்தமும் இடியும்'. லண்டன் பெத்னல் கிரீனில் மாட்டுக்கறி, பீர், புகையிலை மூணையும் கொள்கையாகக் கொடியில் எழுதிப் பிடித்தார்கள். சேனையில் கேப்டன் இருந்தால் இவர்களிலும் ஒரு கேப்டன். சேனைப் பாட்டுக்குக் கேலி வார்த்தை போட்டு எதிர்ப்பாட்டு. இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். பிறகு மாவு, செம்மண் குழம்பு, செத்த எலி, கல். 1882-ம் வருஷத்துக்கு மட்டும் சேனை வெளியிட்ட கணக்கில் தாக்கப்பட்டவர்கள் 669 பேர். அதில் பெண்கள் 251, பதினைந்து வயதுக்குக் கீழே 23 பிள்ளைகள். சேனையே போட்ட கணக்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளணும். பாதியாகக் குறைத்தால்கூடச் சின்ன எண்ணிக்கை இல்லை.

அந்த வருஷம் ஜனவரியில் ஷெஃபீல்டில் பூத்தும் கேத்தரினும் ஊர்வலத்தோடு போனபோது பலத்த அடி. வெள்ளைக்குதிரையில் ஏறி முன்னால் போன ஒரு லெப்டினன்ட், பழைய மல்யுத்த வீரர், மண்டையில் அடிவாங்கினார். ஆட்கள் ரத்தமும் சேறுமாக மண்டபம் வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பார்த்த ஜெனரல், போட்டோ எடுத்துக்கிறதுக்கு இதுதான் நல்ல சமயம்னு சொன்னதாக ஒரு கதை உண்டு. இரக்கமில்லாத மனுஷன்னு சிலருக்குத் தோணலாம். எனக்கு அந்த ஆளுடைய மொத்த சாமர்த்தியமும் அந்த ஒரு வார்த்தையில் தெரியுது. அவமானம்னு எதிராளி நினைத்துக் கொடுத்ததை இவர் விளம்பரத்துக்கு எடுத்து வைத்துக்கொள்கிறார். திருப்பி அடிக்கக் கூடாது என்பது சேனையின் கட்டளை. திருப்பி அடிக்காதவனுடைய படம்தான் பேசும்.

இனி நான் சொல்ல வந்த வழக்கு.

சாமர்செட் மாவட்டத்தில் வெஸ்டன்-சூப்பர்-மேர்னு ஒரு கடற்கரை ஊர். அங்கே சேனையின் கேப்டன் வில்லியம் பீட்டி. அவர் ஊர்வலம் கிளம்பினால் எதிர்க்க எலும்புக்கூட்டுச் சேனையும் கிளம்பும், தெருவே ரணகளம். 1882 மார்ச்சில் ஒரு கலவரத்துக்குப் பிறகு ஊர் மாஜிஸ்திரேட்டுகள் நோட்டீஸ் ஒட்டினார்கள்: பொது இடத்தில் யாரும் கூட்டமாகச் சேரக் கூடாது. மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. பீட்டி வழக்கம்போல ஊர்வலம் கிளம்பினார். போலீஸ் சார்ஜன்ட் வந்து கலைந்து போங்கன்னார். பீட்டி மாட்டேன்னார். கைது. அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் இன்னொருத்தர் தலைமை ஏற்று நடந்தார். அவரும் கைது. மூணாவதாக ஒருத்தர் நடந்தார். அவரும்.

மாஜிஸ்திரேட்டுகள் சொன்ன நியாயம் கேட்பதற்குச் சரிபோலத்தான் இருக்கும். நீ ஊர்வலம் போனால் கலவரம் வருதுன்னு உனக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சும் போறே, ஆகவே கலவரத்துக்குக் காரணம் நீதான். ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன்னு ஜாமீன் எழுதிக் கொடு, இல்லேன்னா மூணு மாசம் ஜெயில். கல்லெறிந்தவன் பக்கம் யாரும் திரும்பவே இல்லை.

சேனை அப்பீல் போனது. லண்டனில் குவீன்ஸ் பெஞ்ச், நீதிபதிகள் ஃபீல்டும் கேவும். ஜூன் 1882-ல் தீர்ப்பு. சாரத்தை நம்ம பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: இவர்கள் தெருவில் நடந்தது குற்றமா? இல்லை. குழப்பம் செய்தது யார்? எதிர்த்து வந்தவர்கள். சட்டப்படி சரியான ஒரு காரியத்தை ஒருவன் செய்கிறான். அதைப் பார்த்து இன்னொருவன் சட்டவிரோதமாக ஏதோ செய்துவிடுவான்னு முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், முதல் ஆளுடைய செயல் குற்றமாகிவிடாது. மாஜிஸ்திரேட் உத்தரவு ரத்து. வழக்கில் எதிர்ப்பக்கத்தில் பேர் போட்ட போலீஸ்காரர் கில்பாங்க்ஸ். பீட்டி எதிர் கில்பாங்க்ஸ்னு சட்டக்கல்லூரியில் படித்தவர்கள் இதைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள்.

தீர்ப்பு வந்த மறுநாளே எல்லாம் அடங்கிவிட்டதுன்னு நினைக்காதீங்க. எழுதினது லண்டனில், கல் விழுந்தது சின்ன ஊர்களில். 1884-ல் தெற்குக் கடற்கரை வொர்திங்கில் சேனைக்குக் கேப்டன் ஏடா ஸ்மித்னு ஒரு பெண். அவர் ஒவ்வொரு ஞாயிறும் கிளம்ப, ஆகஸ்டில் நிலைமை முற்றி, கலவரச் சட்டத்தை வாசித்து, பிரைட்டனிலிருந்து குதிரைப்படை வரவேண்டியதாயிற்று. ஈஸ்ட்போர்ன் இன்னும் மோசம். அங்கே ஞாயிற்றுக்கிழமை வாத்தியத்தோடு ஊர்வலம் போகக் கூடாதுன்னு 1885-லேயே ஊருக்கென்று தனிச் சட்டம் இருந்தது. 1891-ல் சேனை அதை மீறி நடக்க, வாசித்தவர்கள் ஜெயிலுக்குப் போக, கடைசியில் நாடாளுமன்றம் 1892-ல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. ஒரு டிரம் தெருவில் போவதற்கு இத்தனை வருஷம்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் அந்நியக் கதை இல்லை. பீட்டி தீர்ப்பு வந்த அதே 1882-ல்தான் சேலத்தில் மசூதி வழியாக மேளத்தோடு ஊர்வலம் போவது பற்றிய தகராறு பெருங்கலவரமாக வெடித்தது. தெருவில் வாத்தியத்தோடு நடக்கும் உரிமை யாருக்கு, எது வரைக்கும் என்கிற கேள்வி 1883-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் வந்தது.

1882 செப்டம்பர் 19. பம்பாய் துறைமுகத்தில் போலீஸ் காத்திருக்கிறது. லண்டனிலிருந்து ஒரு 'சேனை' வருதுன்னு தகவல். கப்பலிலிருந்து இறங்கினது நாலே பேர், அதில் ஒருவர் பெண். மீதிப் பேர் எங்கேன்னு போலீஸ் கேட்டதாக ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. தலைவர் ஃபிரெடரிக் டக்கர், முங்கேரில் பிறந்து, ஐ.சி.எஸ். பாஸ் செய்து, பஞ்சாபில் அதிகாரியாக இருந்தவர். பூத்தின் பத்திரிகையைப் படித்துவிட்டு வேலையை உதறிவிட்டு லண்டனுக்குப் போய் சேனையில் சேர்ந்தவர். காவித்துணி, தலைப்பாகை, வெறுங்கால், பேர் ஃபக்கீர் சிங். பின்னால் பூத்தின் மகள் எம்மாவைக் கட்டி பூத்-டக்கர் ஆனார்.

இங்கே அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் முன்வரிசை வெள்ளைக்காரர்கள். ஐ.சி.எஸ். அதிகாரி செருப்பில்லாமல் தெருவில் நடந்தால், பிச்சை ஏந்திச் சாப்பிட்டால், ஆளுகிற ஜாதியின் கௌரவம் என்ன ஆவது? பம்பாய் போலீஸ் ஊர்வலத்துக்குத் தடை போட்டது. காரணம், முஸ்லிம்கள் ஆத்திரப்பட்டுக் கலவரம் செய்வார்களாம். வெஸ்டன் மாஜிஸ்திரேட் சொன்ன அதே பாட்டு, மெட்டுகூட மாறவில்லை. கைது, அபராதம், டக்கருக்குச் சிறை. இவர்களுக்காகக் கல்கத்தாவிலிருந்து குரல் கொடுத்தவர் பிரம்ம சமாஜத்தின் கேசவ சந்திர சென், கிறிஸ்தவர் அல்லாதவர். தெருவில் நடக்கிறவனைத் தடுத்தால் நாளைக்கு அது தன் தெருவுக்கும் வரும்னு புரிந்துகொண்ட ஆள்.

சேனை தெற்கே திருவிதாங்கூர் பக்கமும் பரவியது. நாகர்கோவிலில் 1890களில் ஹாரி ஆண்ட்ரூஸ்னு ஒரு இளைஞர் குளியலறையை மருந்தறை ஆக்கி ஆரம்பித்த வைத்தியம்தான் பிறகு கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

இங்கிலாந்தில் கேலி மெல்ல மெல்லக் குறைந்தது, அல்லது படித்தவர்கள் பக்கம் இடம் மாறியது. 1890-ல் பூத் இங்கிலாந்து ஏழைகளின் இருட்டைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது விஞ்ஞானி ஹக்ஸ்லி 'டைம்ஸ்' பத்திரிகையில் கடிதம் மேல் கடிதமாக எழுதி வறுத்தெடுத்தார். டிரம் அடித்து ஆடுகிற மதம், ஒரே ஆளின் சர்வாதிகாரம், காசுக்குக் கணக்கு என்ன, இப்படி. ஹக்ஸ்லி கேட்டதில் பாதி நியாயமான கேள்விதான் என்பது என் எண்ணம். எலும்புக்கூட்டுக்காரன் எறிந்த எலியும் ஹக்ஸ்லி எழுதின கடிதமும் ஒன்றில்லை. பதில் சொல்ல வேண்டிய விமர்சனத்தையும் 'நமக்கு வந்த உபத்திரவம்' கணக்கில் எழுதிக்கொள்வது கேலி வாங்கிப் பழகினவர்களுக்கு வருகிற வியாதி.

பிறகு மாலை மரியாதை. 1905-ல் லண்டன் மாநகர கௌரவம், 1907-ல் ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர் பட்டம். 1912-ல் பூத் இறந்தபோது, ஒருகாலத்தில் கல் விழுந்த அதே லண்டனில் தெருவெல்லாம் ஜனம்.

1997-ல் இந்தக் கதை ஒருமுறை திரும்பியது. வேக்ஃபீல்டு கதீட்ரல் படிக்கட்டில் மூன்று பெண்கள் நின்று கிறிஸ்தவப் பிரசங்கம் செய்கிறார்கள். நூறு பேருக்கு மேல் கூட்டம், சிலர் ஆத்திரமாகக் கத்துகிறார்கள். கலவரம் வந்துவிடும்னு போலீஸ் நிறுத்தச் சொன்னது கத்தினவர்களை இல்லை, பேசின பெண்களை. மறுத்தார்கள், கைது. 1999-ல் நீதிபதி செட்லி அவர்களை விடுவித்தார். யாரையும் உறுத்தாத பேச்சுக்கு மட்டும்தான் சுதந்திரம் என்றால் அப்படி ஒரு சுதந்திரம் இருந்து என்ன பிரயோஜனம் என்பது அவர் எழுதினதன் சாரம். செட்லி பக்திமானா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை.

இத்தோடு நிறுத்தினால் சேனைக்காரர்களுக்கே இந்தப் பதிவு பிடித்துப்போகும். ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

1871-ல் வெள்ளைக்கார அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தது நமக்குத் தெரியும். பிறப்பை வைத்தே ஒரு ஜாதி முழுக்கத் திருடன்னு எழுதிவிடுகிற சட்டம். அந்த ஜனங்களைத் 'திருத்த'க் குடியிருப்புகள் அமைத்து, நடத்துவதற்கு அரசு ஆள் தேடியபோது 1908 வாக்கில் முன்வந்தது இரட்சணிய சேனை. முன்னின்று ஏற்றுக்கொண்டவர் அதே டக்கர், ஃபக்கீர் சிங். மெட்ராஸ் மாகாணத்தில் அவர்கள் நடத்தியதில் பேர்போனது ஸ்டுவர்ட்டுபுரம். இன்றைய ஆந்திராவில் இருக்கிறது. ஹரால்டு ஸ்டுவர்ட் என்கிற அதிகாரி பேரால் வைத்த ஊர். எருகுலரைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது, ஆஜர் எடுப்பார்கள், பக்கத்துச் சீராலாவில் புகையிலைக் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புவார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம்னு சேனைக்காரர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவன் இன்னும் செய்யாத குற்றத்துக்காக அவனை நடக்க விடாமல் தடுப்பது அநியாயம்னு 1882-ல் வெஸ்டனிலும் பம்பாயிலும் ஜெயில் வரைக்கும் போய் வாதாடியவர்கள் இவர்கள்தான். ஸ்டுவர்ட்டுபுரத்தில் சாவி இவர்கள் கையில் இருந்தது.

அந்தச் சட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் 1947-ல் ஒழிந்தது, நாடு முழுக்க 1952-ல். ஸ்டுவர்ட்டுபுரம் அதே பேரோடு இன்னும் இருக்கிறது. அந்தப் பேரைக் கேட்டதும் 'ஓ, திருடங்க ஊரா'ன்னு சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.